மூச்சடக்கிப் பிடித்த மீன்

சலூன்காரருக்கு வாய் ஓயாது. வந்தவர் கழுத்தில் துணியைச் சுற்றிக் கத்தரியை எடுத்தாரென்றால் மீன் கதை ஆரம்பித்துவிடும். எழுந்து ஓடவா முடியும்? பாதி வெட்டிய தலையோடு யார் தெருவில் இறங்குவது?

செவ்வாய்தோறும் கடைக்கு விடுமுறை. விடிந்ததும் தூண்டிலோடு கடற்கரைப் பாறைக்குப் போய்விடுவார். பிடிப்பார், உடனே விட்டுவிடுவார். கொக்கி முனையில் பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கி வைத்திருப்பதால் கொக்கி மீன் வாயிலிருந்து சுலபமாகக் கழன்றுவரும். அதோடு தனக்குத் தானே ஒரு சட்டமும் போட்டிருந்தார். மீன் தண்ணீருக்கு வெளியே இருக்கும்வரை அவரும் மூச்சு விடக் கூடாது. இந்த அவசரத்தில் படம் எடுப்பது எங்கே?

வருஷக்கணக்காக வெறுங்கையோடு திரும்புகிறவரை யார் நம்புவார்கள்? சத்தியமாக, மனுஷன் ஒரு மீனைக்கூடக் கூட்டிச் சொன்னதில்லை. கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் கண்ணடிப்பது கண்ணாடியில் தெரியும். அதைப் பொறுத்துக்கொள்வார். சாப்பாட்டு மேசையில் மைத்துனன், "மாமா, இன்னைக்கு விட்டது எத்தனை கிலோ?" என்று கேட்க, மனைவியும் குனிந்துகொண்டு சிரிப்பாளே, அதுதான் சுருக்கென்று தைக்கும். ஊர் நம்பாவிட்டால் போகட்டும், இவளாவது நம்ப வேண்டாமா?

"வர்ற செவ்வாய் நானும் வர்றேங்க. ஒரு போட்டோ எடுத்துட்டா அவன் வாயை அடைச்சிடலாம்" என்றாள் ஒருநாள். அவளுக்கே சந்தேகம் என்பது குரலிலேயே தெரிந்தது.

அன்றைக்கென்று பார்த்து மீன்களுக்கு வேறு வேலை இருந்தது. ஃப்ளாஸ்க்கில் இருந்த டீ தீர்ந்தது, அவள் இரண்டு முறை கொட்டாவி விட்டாள். அப்புறம்தான் தூண்டில் வளைந்தது. பாறையில் குப்புறப் படுக்காத குறையாகக் குனிந்து, கையை நனைத்துக்கொண்டு மீனைத் தூக்கினார். முழங்கை நீளம்! அவள் துள்ளி எழுந்தாள்.

"அப்படியே இருங்க, இதோ" என்று போனைத் தடவினாள். அலை தெறித்த ஈர விரலுக்கு அது திறக்கவில்லை. "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க." அவர் திரும்பினார். கன்னம் உப்பியது, முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. மூச்சு விஷயமும் கட்டுக்கதை என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். போன் திறந்த கையோடு எதையோ அழுத்தினாள்.

"ஐயோ, விடுங்க! போட்டோவும் வேணாம், ஒண்ணும் வேணாம். முதல்ல அதை விடுங்க."

கொக்கியைக் கழற்றி மீனைத் தண்ணீரில் தாங்கிப் பிடித்தார். வாலை ஒரு சுழற்று சுழற்றிப் போய்விட்டது. அவர் வாங்கிய மூச்சைக் கேட்டு அவள் அவர் முதுகில் நாலு போட்டுத் திட்டித் தீர்த்தாள்.

இரவுச் சாப்பாட்டின்போது மைத்துனன் போனை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். "இதுல மீன் எங்கக்கா? மாமாவுக்குப் பல்வலி வந்த மாதிரில்ல இருக்கு."

அக்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இருந்துச்சுடா. என் கண்ணால பார்த்தேன். இவ்ளோ பெருசு" என்று இரண்டு கைகளையும் அகல விரித்தாள்.

மீன் அதில் பாதிகூட இருக்காது. சலூன்காரருக்குத் திருத்த மனசே வரவில்லை.