அழிக்கவா என்று கேட்ட பெட்டி

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஏழெட்டு வருடம் தள்ளிப்போட்டேன். எழுதினால் எங்கள் தெரு அம்மன் கோவிலில் தலைகாட்ட முடியாது. எழுதாமலும் அவள் முன்னால் நிற்க முடியவில்லை.

நான் எட்டாவது வரை படித்தவன். ஆவடியில் கேண்டீன் வேலை, கள்ளிக்குப்பத்தில் வீடு. ஓர் ஆபீஸ் கழித்துப்போட்ட கம்ப்யூட்டரை வாங்கி, அம்மன் மேல் நானே கட்டிய நூற்றெட்டுப் போற்றியை ஒற்றை விரலால் அடித்து வைத்திருந்தேன். வேறெங்கும் எழுதி வைக்கவில்லை. அந்தப் பெட்டியை ஆன் செய்துவிட்டுக் குளித்து, விளக்கேற்றி, இட்லி தின்று வந்தால்தான் கண் திறக்கும். அம்மன் மட்டும் கூப்பிட்டதும் வந்துவிடுகிறாளா என்று பொறுத்துக்கொண்டேன்.

என் மனைவியின் தம்பி கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன். விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டால் இந்தக் கிழமும் ஓடும், ஆனால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும் என்றான். ஆயுத பூஜையன்று வந்து உட்கார்ந்தான்.

"மாமா, வேணுங்கிறதெல்லாம் பென் டிரைவ்ல எட்த்துகினியா?"

நேற்றே எடுத்தாயிற்று என்றேன், கெத்தாக.

எல்லாவற்றையும் அழிக்கவா என்று திரை கேட்டு நின்ற நேரம், நல்ல நேரம் முடியப்போகிறது என்று மனைவி சந்தனத்தோடு வந்துவிட்டாள். மானிட்டருக்குப் பட்டை, கீபோர்டுக்குப் பொட்டு, மவுஸுக்குப் பூ. பூஜையில் வைத்ததை மறுநாள் காலை வரை தொடக்கூடாதே. பெட்டி பதில் கிடைக்காமல் பொரி கடலைக்கு நடுவே விழித்துக்கொண்டு கிடந்தது.

விஜயதசமி காலையில், கோவிலில் படிக்கப் போற்றியைப் பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரப் பெண் பென் டிரைவைச் சொருகிப் பார்த்தாள்.

"அண்ணா, இதுல ஷார்ட்கட் மட்டும்தான் கீது. பைலு உங்க ஊட்லயே கீது."

கோவில் போர்டைக் கழற்றி வந்து சாமியையே தூக்கி வந்ததாக நினைத்திருக்கிறேன். செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன். வழியெல்லாம் அம்மனை வேண்டவில்லை, திட்டினேன். உன் பாட்டுதானே, நீயே பார்த்துக்கொள்ளக்கூடாதா?

வீட்டில் மச்சினன் கை கீபோர்டுக்கு மேல் நீண்டிருந்தது. அதை என் மனைவி பிடித்திருந்தாள்.

"குளிச்சியாடா?"

"ஒரே ஒரு பட்டன்க்கா."

"பூஜைல வச்ச பொருளு. குளிச்சிட்டு வந்து எதனா தட்டு."

நான் மூச்சிரைக்க விஷயத்தைச் சொல்ல, அவன் குளித்து வந்து முதலில் பாட்டை வெளியே எடுத்தான். பிறகுதான் லினக்ஸ் ஏறியது. இப்போது இட்லி வேகுமுன் பெட்டி திறந்துவிடுகிறது.

கோவிலில் நான் சொன்னது வேறு. அம்மன் கனவில் வந்து தொடாதே என்றாள் என்று அளந்துவிட்டேன். மாலை போட்டார்கள். கூட்டத்தில் நின்று மனைவியும் கேட்டாள். அன்று குழம்பில் உப்புப் போடவில்லை.

கனவெல்லாம் இல்லை. முட்டாள்தனம் என்னுடையது, பிடித்த கை அவளுடையது. அந்தக் கைக்குள் அம்மன் இருந்தாளா என்பதை அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளட்டும். படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் இப்படியே சொல்லுங்கள். பாம்பு வந்தது, வெளிச்சம் தெரிந்தது என்று எதையும் சேர்த்துவிடாதீர்கள். ஒரு கனவைச் சேர்த்ததற்கே நான் இத்தனை வருடம் கடைசி வரிசையில் நின்று கும்பிடுகிறேன்.