மாமிக்குச் சொன்ன பட்டாணிக் கணக்கு

"இரத்தம் சோதிக்காம இந்த நிக்காஹ் நடக்காது" என்று நான் சொன்னதும் மாமி தேத்தண்ணிக் கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். யுத்தம் முடிந்த வருடம் அது. என் கணவரின் தம்பி கட்டாரில் இருந்து வந்திருந்தார். அவருக்கும் என் தங்கச்சிக்கும் சின்ன வயதிலேயே பேசிவைத்த கல்யாணம். அவருக்காகத் தங்கச்சி வருடக்கணக்காகக் காத்திருந்தவள். நாள் குறிக்க வந்தவர்களின் நடுவில் நான் குறுக்கே விழுந்தேன்.

"என்ன புள்ள செல்றாய்? ஆடு மாடா வாங்கப் போறம், இரத்தம் பாக்கிறத்துக்கு?"

"ஆடு மாட்டுக்கெண்டாலும் நல்லது கெட்டது பாத்துத்தான் வாங்குறம் மாமி. மனிசருக்குத்தான் பாக்கிறல்ல."

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில். கல்முனையில் என்னிடம் உயர்தர வகுப்பில் உயிரியல் படித்த பெட்டைகளைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் அன்று கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். வாப்பா மவுத்தாகிப் பல வருடம், உம்மாவைக் கடல் கொண்டுபோனது. தங்கச்சிக்காகக் கதைக்க என்னை விட்டால் ஆளில்லை.

மாமி வேறு யாருமில்லை, என் வாப்பாவின் கூடப்பிறந்த தங்கச்சி. அவருடைய மூத்த மகனைத்தான், என் சொந்த மச்சானைத்தான், நான் கட்டினேன். எங்களுக்குப் பிறந்த ஒரே மகளுக்குத் தலசீமியா. இரத்தத்தின் சிவப்பை அவளுடைய உடம்பால் ஒழுங்காகச் செய்ய முடியாது. மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரியில் இரத்தம் ஏற்ற வேண்டும். அந்த இரத்தம் உடம்பில் விட்டுப்போகும் இரும்பை வெளியே எடுக்க, சின்ன பம்ப் ஒன்றால் வயிற்றுத் தோலுக்குள் மருந்து செலுத்த வேண்டும். பத்து மாதக் குழந்தையில் தொடங்கியது. இப்போது அவளுக்கு இருபது தாண்டிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். வாயும் என்னைப் போலவே.

வெட்கமான விஷயம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கல்யாணம் கட்டும்போதே இதையெல்லாம் கரும்பலகையில் எழுதிப் படிப்பித்துக்கொண்டிருந்தவள். தோட்டத்தில் பட்டாணி வளர்த்த அந்தத் துறவியின் கதையை மனப்பாடமாகச் சொல்வேன். தாய்ச்செடி ஒரு கூறு, தந்தைச்செடி ஒரு கூறு, இரண்டும் சம பங்கு. ஒளிந்திருக்கும் குணம் இரண்டு பக்கமும் இருந்தால் நாலில் ஒன்றில் வெளியே வரும். நாலு கட்டம் கீறி, உள்ளே எழுத்துகள் போட்டு, முழுப்புள்ளி வாங்கும் வழியும் சொல்லிக்கொடுத்தேன். அந்தக் கட்டத்துக்குள் என்னையும் மச்சானையும் வைத்துப் பார்க்க எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. பாடம் வேறு, கல்யாணம் வேறு என்று இருந்துவிட்டேன்.

அந்தத் துறவி எழுதியதை முப்பது வருடத்துக்கு மேல் உலகத்தில் யாருமே கணக்கெடுக்கவில்லையாம். மனிதர் மவுத்தான பிறகுதான் தேடி எடுத்தார்கள். ஆனாலும் அவர் கொடுத்துவைத்தவர். கல்யாணம் கட்டாதவர், மாமி இல்லாதவர், பட்டாணியோடு நிம்மதியாக இருந்தார். என் கணக்கை நான் மாமியிடமல்லவா சொல்லவேண்டி இருந்தது!

எங்கள் பக்கத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு குடி உண்டு. அது தாய் வழியாகத்தான் வரும். நான் என் உம்மாவின் குடி, என் கணவர் மாமியின் குடி. ஒரே குடிக்குள் கட்டமாட்டோம். குடி தாயிடமிருந்து வருகிறது என்றால் வருத்தமும், நோய் நொடியும் அங்கிருந்துதானே வரும்? அதுதான் மாமியின் விஞ்ஞானம். "உங்கட உம்மாட குடியில ஏதோ இரிந்திரிக்கி புள்ள" என்பார். வஞ்சகமாகச் சொல்வதில்லை, வாடைக்காற்றுக்கு மழை வரும் என்பதைப் போலச் சொல்வார். எனக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் எரியும்.

அதற்காக அவரை வெறுக்கவும் முடியாது. சுனாமி வந்தபோது மகளுக்கு ஆறு வயது. வாப்பா எனக்குச் சீதனமாகக் கட்டித்தந்த வீடு கடலோரத்தில் இருந்தது. வீடும் போனது, வீட்டுக்குள் இருந்த உம்மாவும் போனார். மகளுடைய பம்பும் மருந்தும் போயின. நாங்கள் ஒரு பள்ளிக்கூடத்து மண்டபத்தில் பாயைப் போட்டுக் கிடந்தோம். ஆஸ்பத்திரியில் இரத்தம் இல்லை. மகள் நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே வந்தாள், எழுந்து நடக்கவும் மூச்சு வாங்கியது. நான் உம்மாவை நினைத்து அழுவதா, இவளை நினைத்து அழுவதா என்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமி முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு புறப்பட்டார். "ஓ பொசிட்டிவ்" என்ற இரண்டு சொல்லையும் நேர்ஸிடம் கேட்டுப் பாடமாக்கியிருந்தார். வெளியே மைதானத்தில் போட்டிருந்த கூடாரம் கூடாரமாகப் போய், "தம்பி, உன்ட இரத்தம் என்ன வகை? என்ட பேத்திக்கு வேணும்" என்று கேட்டார். கேட்கக் கூச்சப்படவேயில்லை. காரைதீவுப் பக்கத்துத் தமிழ்ப் பொடியன்கள் இரண்டு பேரைச் சைக்கிளில் வரவைத்தார். சோதனைச்சாவடியில் நின்ற ஆமிக்காரனையும் விடவில்லை. மாமிக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. தன் கையை நீட்டி நரம்பில் இரண்டு தட்டுத் தட்டி, "ஓ பொசிட்டிவ், ஓ பொசிட்டிவ்" என்றிருக்கிறார். அவன் முதலில் பயந்துவிட்டானாம். பிறகு சிரித்துவிட்டு, கடமை முடிந்ததும் வந்து கட்டிலில் படுத்துக் கையைக் கொடுத்தான். இரத்தத்தில் வகைகள் உண்டு என்று ஒருவர் கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன்பு, மாற்றி ஏற்றி எத்தனையோ பேரைக் கொன்றிருக்கிறார்கள். வகைகளைக் கண்டுபிடித்த அந்த மனிதருக்கு நான் அந்த வார்டில் நின்று துஆ செய்தேன்.

இரத்தம் ஏறும் மணித்தியாலங்களில் மகள் சும்மா இருக்கமாட்டாள். அவளுக்கு இந்தக் கதைகளைத்தான் சொல்லிவந்தேன். மரபுப் பொருளை முதலில் கண்டவர், ஆஸ்பத்திரிப் பழைய கட்டுத்துணியில் ஒட்டிய சீழைச் சுரண்டி எடுத்துத்தான் கண்டார் என்றால், "சீ!" என்று விழுந்து விழுந்து சிரிப்பாள். எக்ஸ்ரே ஒளியால் அதைப் படமெடுத்த பெண்ணுக்கு உரிய மரியாதை கிடைக்கவில்லை என்றால் என்னைவிட அவளுக்குக் கோபம் வரும். முறுக்கிய ஏணி, அதன் படிகளில் நாலே நாலு எழுத்து, ஒரு எழுத்துத் தவறினாலும் இரத்தத்தின் சிவப்பே கெட்டுப்போகலாம் என்பதுவரை அவளுக்குத் தெரியும். படிப்பித்தவள் நான். அது எங்கே வந்து நிற்கும் என்று யோசிக்கவில்லை.

கல்யாணப் பேச்சில் மாமி எழுந்துபோன பிறகு, தங்கச்சிதான் வாயைத் திறந்தாள். "எடுப்பம் ராத்தா" என்றாள். மாப்பிள்ளையும் மறுக்காமல் கையை நீட்டினார். இரத்தம் கொழும்புக்குப் போய் மூன்று கிழமையில் முடிவு வந்தது. இரண்டு பேரிடமும் இருக்கிறது. இரண்டு பேருக்கும் வருத்தமில்லை, ஆனால் இரண்டு பேரும் அதைச் சுமக்கிறார்கள். என்னையும் என் கணவரையும் போலவே.

தங்கச்சி என் முகத்தையே பார்த்தாள். "நாலில ஒண்டுதானே ராத்தா? அந்த ஒண்டு உங்களுக்கு வந்திட்டுதே. மறுகா எங்கட புள்ளயளுக்கு வராதுதானே?"

"அப்பிடி இல்ல கிளி. ஒவ்வொரு புள்ளைக்கும் புதிசா நாலில ஒண்டு."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அப்போதுதான் மாமி, "நான் செல்லல்லியா, உங்கட உம்மாட குடியில..." என்று தொடங்கினார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கடலோடு போன மனுஷியை இன்னும் இழுக்கிறார்! மகளுடைய கொப்பியைப் பிடுங்கிக் கட்டம் கீறினேன். "பாருங்க மாமி. தாய் பாதி, தகப்பன் பாதி. உங்கட ரெண்டு மகன்மாரிட்டயும் இரிக்கி, எங்க ரெண்டு பேரிட்டயும் இரிக்கி. எங்கட வாப்பாவும் நீங்களும் ஒரு வயித்துப் புள்ளயள். இது பெரும்பாலும் உங்க ரெண்டு பேராலயும்தான் வந்திரிக்கணும். நம்பாட்டி உங்கட இரத்தத்தையும் பாப்பம்!"

மாமி அந்தக் கட்டங்களை வெகுநேரம் பார்த்தார். எழுத்துத் தெரியாதவர், ஆனால் கணக்குப் புரிந்துவிட்டது. "அப்ப என்ட பேத்திக்கு நான்தானா குடுத்தன்?" என்று மட்டும் கேட்டார். 

நான் வென்றுவிட்டேன். வென்ற அந்த நொடியிலேயே என்னை எனக்குப் பிடிக்காமல் போனது. அந்தத் துறவி பட்டாணிக்குள் குற்றவாளியைத் தேடவில்லை, நான்தான் தேடினேன். மாமி எழுந்து அறைக்குள் போய்விட்டார்.

ஒரு கிழமை கழித்துத் தங்கச்சி தானே மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டாள், வேண்டாம் என்று. இரண்டு பேரும் மாமியின் வீட்டு முற்றத்தில் எல்லோரும் பார்க்க நின்று அழுதார்கள். அவர் கட்டாருக்குத் திரும்பிப் போனார். மாமி யாரோடும் கதைக்கவில்லை, ஒழுங்காகச் சாப்பிடவும் இல்லை.

மகளுக்கு அப்போது பதினொரு வயது. பள்ளிக்கூடத்தால் வந்தவள் சப்பாத்தைக் கழற்றாமலே என் முன்னால் நின்றாள்.

"உம்மா, சாச்சிட கலியாணம் என்னப் போலப் புள்ள பொறந்திடும் எண்டா நிண்டது?"

பொய் சொல்ல எனக்கு வரவில்லை. "ஓம் மகள். ஊசியும் மருந்தும் இன்னொரு புள்ளைக்கு வேணாம் எண்டுதான்."

"அப்ப நீங்களும் வாப்பாவும் முன்னமே இந்த டெஸ்ட் எடுத்திரிந்தா?"

 "கட்டியிரிக்கமாட்டம் மகள்" என்றேன்.

அவள் குனிந்து சப்பாத்தைக் கழற்றினாள்.

"அப்ப நீங்க எடுக்காம விட்டது நல்லம்" என்றாள். "இத வாப்பும்மாட்டயும் போய்ச் செல்லுங்க. அவ அழுதுக்கிட்டே இரிக்கா."

சொல்லத்தான் போனேன். மாமியின் கையைப் பிடித்ததும் எனக்கு அழுகைதான் வந்தது. இரண்டு பேரும் அழுது முடிக்கும்வரை மகள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே வந்து, நான் சொல்ல வந்ததைத் தானே சொன்னாள்.