கடலைத் தாண்டியதும் கோலாட்டம்

திருவண்ணாமலையில் யூத வேதக் கதைகளை வைத்து மூன்று நாள் நாடகப் பயிலரங்கு நடக்கிறது என்று தோழி சொன்னாள். முன்னோர் பட்ட பயம் பிள்ளைகளின் உடம்பில் எப்படித் தங்குகிறது என்பதுதான் பொருள். எனக்கு அந்தப் பயம் நன்றாகவே பழக்கம். அம்மா சின்ன வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து படகேறி வந்தவர். நான் சென்னையில் பிறந்தவள்தான், ஆனாலும் எந்த அறைக்குள் போனாலும் கதவோரமாகத்தான் உட்காருவேன். போன பிப்ரவரியில் கிளம்பினேன். "கோயிலுக்கு மட்டும்" என்று சொல்லி அம்மாவும் வந்தார்.

கிளாம்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் நாலரை மணி நேரம். கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை வாங்கிக் கொறித்தோம். பஸ் நிலையத்திலிருந்து வேங்கிக்காலுக்கு ஆட்டோ. ஓட்டுநர் சிரித்தார்: "அந்த மாடி வீடுங்களா? காலையிலேர்ந்து ஒரே கூத்துனு சொல்றாங்க. சத்தம் ஜாஸ்தியாம், வாங்க."

நாடகத்தை நடத்தியவர் தமார் என்ற யூதப் பெண். அவருடைய தாத்தா நாஜி முகாமிலிருந்து தப்பி வந்தவர், குடும்பத்தில் மிஞ்சியது அவர் ஒருவர்தான். கதவோரம் கிடந்த ஒரே நாற்காலிக்கு நானும் தமாரும் ஒரே நேரத்தில் பாய்ந்தோம். காரணம் புரிந்ததும் இருவரும் சிரித்த சிரிப்பில் பாதிப் பயணக் களைப்பு போய்விட்டது.

அன்றைய கதை, எகிப்தில் அடிமைகளாக இருந்தவர்கள் தப்பி ஓடியது. பிசைந்த மாவு புளிக்கக்கூட நேரமில்லை. அப்படி ஓடியவர்கள் கடலைத் தாண்டியதும் அவர்களில் ஒருத்தியான மிரியாம் மேளம் எடுக்கிறாள், பெண்கள் எல்லோரும் மேளத்தோடு ஆடுகிறார்கள். "அந்த அவசரத்தில் மேளத்தை யார் எடுத்து வைத்தது?" என்று கேட்டார் தமார். "உங்கள் வீட்டார் ஓடும்போது எதை எடுத்து வந்தார்கள்?"

தமாரின் ஆங்கிலத்தை அம்மாவுக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்த நான் இந்தக் கேள்வியைச் சொன்னதும் நிறுத்திவிட்டேன். சுவரோரம் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் படகைப் பற்றி வீட்டில் நாங்கள் யாரும் கேட்டதே கிடையாது. கேட்டால் உடைந்துவிடுவார் என்று பயம். "அம்மா, வாங்க, கோயிலுக்குப் போகலாம்" என்றேன்.

"பொறு பிள்ளை" என்றார் அம்மா. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவர் வாயில் ஊர்த்தமிழ். "நான் கோலாட்டக் கம்பு கொண்டு வந்தனான். பள்ளிக்கூட விழாவுக்குப் பழகினது. சட்டைக்குள்ள ஒளிச்சு வச்சு. அகதி முகாமில எல்லாப் பெட்டைப் பிள்ளையளுக்கும் நான்தான் ஆடக் காட்டிக் குடுத்தனான்."

பிறர் சொல்லி எனக்குத் தெரிந்ததெல்லாம் இருட்டு, தண்ணீர், அழுகை. கோலாட்டம் தெரியாது. "ஏம்மா சொல்லவே இல்ல?" என்றேன்.

"விட்டிட்டு வந்ததைத்தானே எல்லாரும் கேட்டவை."

நான் ஆங்கிலத்தில் சொன்னதும் தமார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கம்புக்கு மூங்கில் தேடி ஓடினார். மறுநாள் முழுக்க அம்மாதான் ஆசிரியை. "தாளத்தைக் கேள், கையைப் பாக்காத!" என்று தமாருக்கே அதட்டல். கடைசி நாள் மாலை மொட்டை மாடியில் நாடகம். நீலப் புடவைகளைக் கடலாகப் பிடித்தோம், அம்மா மிரியாமாக அதைத் தாண்டினார், பின்னால் நாங்கள் எல்லோரும் கம்போடு. அக்கம்பக்கத்துப் பெண்கள் கைதட்டியதோடு நிற்கவில்லை, கம்பு கேட்டு வாங்கி உள்ளேயே வந்துவிட்டார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: பௌர்ணமியைத் தவிருங்கள், அறை கிடைப்பது கஷ்டம். ஆட்டோவில் ஏறுமுன் கட்டணத்தைப் பேசிவிடுங்கள். நடிப்பு தெரிய வேண்டியதில்லை, பருத்தி உடை போதும். வீட்டுப் பெரியவர்கள் வந்தால் கூட்டிப் போங்கள், அவர்களுக்காகப் பயந்து கேள்வியை விழுங்காதீர்கள்.

மிரியாமுக்கு நாடகத்தில் ஒரே ஒரு வசனம்தான். அம்மா அதைப் பேசவே இல்லை. ஆட்டத்தில் மறந்துபோச்சாம்.