சுத்தமான சிறுநீர்

சரக்குக் கிடங்கில் கிரேன் ஓட்டும் நெட்டையனுக்கு முதுகுவலி. நாள் முழுக்கக் குனிந்து கீழே பார்க்கும் வேலை, வலிக்காமல் என்ன செய்யும்? வீட்டுக்கு வந்ததும் மாடிப்படியில் உட்கார்ந்து இரண்டு இழுப்பு கஞ்சா இழுப்பான். மனைவி திட்டுவாள். அதோடு சரி.

மாதாமாதம் சிறுநீர்ச் சோதனை என்று கம்பெனி சொன்னது. கஞ்சா தெரிந்தால் அன்றைக்கே வேலை போய்விடும். வழி சொன்னவன் மனைவியின் தம்பி.

"கடையில பாக்கெட்டா விக்கிறாங்க மாமா. அதே போதைதான். டெஸ்டுலயும் மாட்டாது, சட்டத்துலயும் மாட்டாது."

மாட்டத்தான் இல்லை. காய்ந்த ஏதோ இலை, அதன்மேல் தெளித்த ஏதோ ரசாயனம். அரசாங்கம் ஒன்றைத் தடை செய்தால் இன்னொன்றைத் தெளித்து, உறையின் நிறத்தை மாற்றி அதே அலமாரியில் வைப்பார்கள். 'வாசனைக்கு மட்டும், உட்கொள்வதற்கல்ல' என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். படுபாவிகளுக்கு அது போதும். சோதனை கஞ்சாவை மட்டுமே தேடியது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? பாக்கெட்டை வரும் வழியிலேயே இழுத்துத் தீர்த்துவிட்டு வருவான். மாடிப்படியில் அவனைக் காணாததால், புருஷன் திருந்திவிட்டான் என்று மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். அவனுக்கோ வரவர அது இல்லாமல் காலையில் வேலைக்குக் கிளம்பவே முடியவில்லை.

புது உறை ஒன்று வந்த வாரத்தில், வேலைக்கு உடை மாற்றும் அறையில் வலிப்பு வந்து விழுந்தான். மேஸ்திரிதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். கண் விழித்தவனிடம் டாக்டர் என்ன புகைத்தாய் என்று கேட்டார். "அவரு எதையும் தொடுறதில்ல, மாசாமாசம் டெஸ்ட் எடுக்கிறாங்க" என்று மனைவி சத்தியம் செய்தாள். அங்கே எடுத்த சோதனையும் அவளுக்கே சாட்சி சொன்னது. உண்மை அவன் நாக்கு நுனி வரை வந்தது. கட்டில் ஓரத்தில் மேஸ்திரி நின்றார். அவன் வாயைத் திறக்கவில்லை.

மைத்துனன் பயந்துபோய் எல்லாவற்றையும் கக்கியபோது சிறுநீரகம் இரண்டும் படுத்துவிட்டிருந்தன. இனி எழாது என்றார்கள். போலீஸ் கடையிலிருந்து பாக்கெட்டை எடுத்துப் போய்ப் பார்த்தது. அந்த ரசாயனம் தடைப் பட்டியலில் இன்னும் ஏறவில்லையாம், வழக்கு நிற்காதாம். கடைக்காரன் சாயங்காலமே கடையைத் திறந்தான். கம்பெனி மட்டும் மரியாதையாக நடந்துகொண்டது. போதைப் புகார் எதுவும் இல்லை, உடல் தகுதி இல்லாததால் நிறுத்துகிறோம் என்றது.

ரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் அவன் படுத்திருக்க, மனைவி அவன் போர்வையைச் சரிசெய்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

"கஞ்சா குடிச்சே மாட்டியிருக்கக் கூடாதா? வேலை மட்டும்தானே போயிருக்கும்."