குளியலறையில் பதிவான மூன்று காதல் பாட்டுகள்

"பையன் நல்லாப் பாடுவான்" என்று நிச்சயதார்த்தத்தில் அம்மா ஒரு பொய்யைச் சொல்லிவைத்தாள். சொன்னது கோயம்புத்தூரில், அனுபவித்தது பூனா பக்கம் சிஞ்ச்வடில் வேலை பார்த்த நான். "நீங்க பாடி ஒரு கேசட் அனுப்புங்களேன்" என்று எனக்கு நிச்சயமான பெண் போனில் கேட்டபோதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். "எந்தப் பாட்டு வேணும்?" என்றேன். தொண்ணூறுகளின் கடைசி. புத்தி அவ்வளவுதான்.

எங்கள் பிளாட்டில் எதிரொலி உள்ள ஒரே இடம் குளியலறை. ஞாயிறு காலை டேப் ரெக்கார்டரோடு உள்ளே புகுந்தேன். கவிழ்த்த வாளியில் தாளம் போட, கூடத் தங்கியிருந்த மதுரைக்கார நண்பன். முதல் பல்லவியில் குக்கர் விசிலடித்தது. அழித்துவிட்டுப் பாடினால் லோக்கல் ரயில். மூன்றாம் முறை, நான் உருகி நின்ற இடத்தில், எதிர்வீட்டு அம்மாள் கதவை இடித்து, "பாணி ஆல! பாணி ஆல!" என்று மராத்தியில் கத்தினார். எங்கள் சொசைட்டியில் தண்ணீர் வந்தால் காதல் காத்திருக்க வேண்டும். தாளவாத்தியம் தளும்ப நிரம்பிவிட்டதால் அதன்பிறகு சோப்பு டப்பாதான்.

ஒருவழியாக மூன்று பாட்டும் முடிந்தன.

"ஏண்டா, ஒம் மாமனாரு இதக் கேட்டா என்னடா சொல்வாரு?" என்றான் நண்பன்.

நிச்சயத்தன்று என்னிடம் ஒரே கேள்வியை நான்கு முறை கேட்ட மனிதர் அவர். நான் தொண்டையைக் கனைத்து, அவர் குரலிலேயே, "ஏனுங் மாப்ள, பூனாவுல தயிரு சீக்கிரம் புளிச்சுப் போயிருமுங்களா?" என்றேன். நண்பன் ஈரத்தரையில் உருண்டான். அந்த உற்சாகத்தில் மாமனாரின் தும்மல், ஏப்பம் எல்லாம் செய்து காட்டிவிட்டுத்தான் சாப்பிடப் போனோம்.

திங்களன்று கூரியரில் அனுப்பினேன். புதன்கிழமை சாப்பிடும்போது நண்பன் சாவகாசமாகச் சொன்னான்: "அன்னைக்கு நாம சாப்புடறப்ப பாத்ரூம்ல டக்குனு ஒரு சத்தம் கேட்டுச்சுல்ல? டேப்பு முடிஞ்சு பட்டன் எந்திரிச்ச சத்தம்டா அது."

அதுவரை பதிவு ஓடியிருக்கிறது! கல்யாணப் பத்திரிகை வேறு அடித்தாயிற்று. கை கழுவக்கூட மறந்து எஸ்டிடி பூத்துக்கு ஓடினேன். சாம்பார் விரலால்தான் நம்பரை அழுத்தினேன். எடுத்தவர் மாமனார்.

"கேசட்டு வந்துச்சுங் மாப்ள. கூடத்துல வெச்சு எல்லாருமாக் கேட்டமுங்க."

"எது... எதுவரைக்கும் மாமா?"

"கடைசி வரைக்குமுங்க."

அவர் அடுத்த வார்த்தையை எடுப்பதற்குள் என் கல்யாணத்தை நானே நிறுத்தி, அம்மாவிடம் சொல்லவேண்டிய காரணத்தையும் தயார் செய்துவிட்டேன்.

"அதெல்லாஞ் சரிங் மாப்ள," என்றார் மாமனார். "தயிரு புளிக்குமுங்களா, புளிக்காதுங்களா? அதுக்கு நீங்க இன்னும் பதிலே சொல்லலீங்களே?"

"புளிக்காது மாமா," என்றேன். எங்கள் பிளாட்டில் மத்தியானமே புளித்துவிடும்.

கல்யாணம் நடந்தது. இன்றும் விசேஷ வீடுகளில் மச்சினன்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு, "மச்சான், அப்பா மாதிரி ஒரு தும்மல்!" என்கிறார்கள். முன்னால் நாற்காலி போட்டு உட்காருபவர் மாமனார். தும்முகிறேன். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமையையே கொன்று பாடினேனே, அந்த மூன்று பாட்டைப் பற்றி ஒருவராவது வாய் திறக்க வேண்டுமே! பொறுக்கமாட்டாமல் போன மாதம் மனைவியிடமே கேட்டுவிட்டேன்.

"அந்தக் கேசட்டுல பாட்டு வேற இருந்துச்சுங்களா?" என்றாள்.