ஓரகத்தியின் எலுமிச்சம்பழம்

திருக்கோகர்ணத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரே ஒரு எலுமிச்சை மரம். பழங்களை நானும் என் கொழுந்தன் மனைவியும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்வோம். என் பங்கு பத்தே நாளில் சுருங்கிவிடும். அவள் பங்கு மாதம் கடந்தும் பளபளக்கும். "சின்னவ கைராசி" என்று மாமனார் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் ஜன்னல் வழியே ஒளிந்து பார்த்தேன். சுண்ணாம்புப் பானையில் பழங்களை முக்கியெடுத்து, காய்ந்ததும் விளக்கெண்ணெய் தடவினாள். இவ்வளவுதானா!

மறுநாளே சுண்ணாம்புக்காகச் சுட்ட கிளிஞ்சல் வாங்கி, பானையில் போட்டு, மேலே பழங்களை அடுக்கித் தண்ணீர் ஊற்றினேன். புஸ்ஸென்று கொதித்துச் சுண்ணாம்பு என் கண்ணில் தெறித்தது. அலறல் கேட்டு ஓடிவந்தவள் அவள்தான். குடம் குடமாகத் தண்ணீர் விட்டுக் கழுவி, ஜட்கா பிடித்து ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போனாள். உடனே கழுவியதால்தான் கண் பிழைத்ததாம்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேனேக்கா. கிளிஞ்சல மொதல்ல தனியா தண்ணி ஊத்தி நீத்து ஆறவிடணும். அப்புறம் மேல தெளியுற தண்ணியிலதான் பழத்த முக்கணும்" என்றாள்.

இப்போதெல்லாம் நான் ஒளிந்து பார்ப்பதில்லை. எதுவானாலும் அவளிடமே கேட்டுவிடுகிறேன். அவளும் மறைக்காமல் சொல்கிறாள். சொல்லும்போது ஒரு சிரிப்புச் சிரிப்பாளே, அதைத்தான் இன்னும் பொறுக்க முடியவில்லை.