எல்லாத்துக்கும் ஒரே நம்பர்

என் தம்பியைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பட்டன் என்பார்கள். எழுந்து போய் அமுக்க வேண்டிய எந்த சுவிட்சைப் பார்த்தாலும் அவனுக்குக் கை அரிக்கும். சின்ன டப்பாவுக்குள் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் சிப்பையும் டிரான்ஸ்மிட்டரையும் இணைத்து ரிமோட் ஆக்கிவிடுவான். மோட்டார் பக்கம் ஒரு ரிசீவர், இன்னொரு சிப். ரிமோட் ஒரு நம்பரை அனுப்பும், அந்த நம்பர் வந்து சேர்ந்தால் அங்கிருக்கும் சிப் மோட்டாரை ஓடவிடும். அவ்வளவுதான் விஷயம் என்பான். கல்யாணப் பேச்சை எடுத்தால் மட்டும் அவனுடைய சொந்த ரிசீவர் வேலை செய்யாது.

என் வீட்டுக்காரர் தச்சர். வீட்டின் முன்பக்கமே பட்டறை. வட்ட ரம்பத்தின் சுவிட்ச் பலகை அடுக்குக்குப் பின்னால் இருந்ததால், ஒவ்வொரு தடவையும் வளைந்து நெளிந்து போய்ப் போடுவார். தம்பி பார்த்துக்கொண்டு சும்மா இருப்பானா? மாமா இனிமேல் நின்ற இடத்தை விட்டு நகரவே வேண்டாம் என்று அதற்கும் ஒரு ரிமோட் செய்து கொடுத்துவிட்டான்.

அன்று காலை ரம்பத்தகட்டை மாற்ற உட்கார்ந்தார். பிளக்கைப் பிடுங்கவில்லை. ரிமோட்தான் கண்ணெதிரே மேசையில் கிடக்கிறதே என்ற தைரியம். தம்பி வாசற்படியில் டீ குடித்துக்கொண்டிருந்தான். இவர் ஒரு கையால் தகட்டைப் பிடித்தபடி பதின்மூன்றாம் நம்பர் ஸ்பேனர் கேட்டார். நான் பன்னிரண்டை நீட்டினேன். கல்யாணமான நாளிலிருந்து நடப்பதுதான். தகட்டிலிருந்து கையை எடுத்து, என்னைத் திட்டுவதற்கென்றே முழுசாகத் திரும்பினார்.

ரம்பம் சுற்றியது.

அவர் எடுத்த கையை எடுத்தபடியே வைத்துக்கொண்டு, விரல்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்தார். தம்பி டம்ளரைப் போட்டுவிட்டு ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினான். ரிமோட் மேசையில் வைத்த இடத்திலேயே இருந்தது. யாரும் தொடவில்லை.

பின்வீட்டுத் தையல்கார அம்மாவின் தண்ணீர் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. அதற்கும் ரிமோட் போட்டவன் இவன்தான். மாடியிலிருந்து அமுக்கினால் எட்டவில்லை என்று அந்த அம்மா சொன்னதால், முந்தின நாள்தான் அந்த ரிமோட்டின் ஏரியல் கம்பியை நீளமாக்கிக் கொடுத்திருக்கிறான்.

"அவங்க மோட்டார் போட்டா நம்ம ரம்பம் ஏன்டா ஓடணும்?" என்றேன்.

"எல்லாத்துக்கும் ஒரே நம்பர்தான்கா வச்சிருக்கேன். யாராவது ரிமோட்ட தொலைச்சா, உடனே இன்னொண்ணு எடுத்துக் குடுத்துடலாம்ல."

அதைப் பெரிய வசதி என்று நினைத்திருக்கிறான், படுபாவி! அறையத்தான் கையை ஓங்கினேன். பேயறைந்தவன் மாதிரி நின்றானா, ஓங்கிய கை தானாக இறங்கிவிட்டது. மறு நிமிடம் செருப்புகூடப் போடாமல் ஓடி, தான் போட்டுக் கொடுத்த வீடு, கடை எல்லாவற்றிலிருந்தும் ரிமோட்டுகளையும் ரிசீவர்களையும் பிடுங்கிக்கொண்டு வந்தான்.

அப்புறம் சோறு தண்ணீர் நினைப்பில்லாமல் அறைக்குள் கிடந்தான். ஒவ்வொன்றுக்கும் தனி நம்பர் வைத்துப் புரோகிராமை மாற்றினான். முடித்ததும் ரிமோட்டுகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு பட்டறைக்கு வந்தான். இவர் ரம்பத்தின் பக்கமே போகாமல் உளியால் ஏதோ செதுக்கிக்கொண்டிருந்தார். தம்பி பிளக்கைச் சொருகினான், பையை என்னிடம் கொடுத்தான், உள்ளங்கையை ரம்பத்தின் பல்மேல் வைத்தான்.

"ஒவ்வொண்ணா அமுக்குக்கா. அப்பதான் மாமா நம்புவாரு."

இவர் உளியைப் போட்டுவிட்டு எழுந்து வந்து, அவன் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று வாசலுக்கு இழுத்துப் போனார். திரும்பி வந்து, அந்தக் கை இருந்த இடத்தில் ஒரு கழிவுக் கட்டையைச் சாய்த்து வைத்தார். என்னையும் கதவுக்கு வெளியே தள்ளிவிட்டு அமுக்கச் சொன்னார்.

தையல்கார அம்மாவின் ரிமோட்டை அமுக்கினேன். ரம்பம் அசையவில்லை. ரொட்டிக்கடை ஷட்டருக்கானதை அமுக்கினேன். அசையவில்லை. தம்பி முகத்தில் லேசாகச் சிரிப்புகூட வந்தது. அடுத்தது மருத்துவர் வீட்டு கேட்டுக்கானது.

கட்டை பறந்துபோய்ச் சுவரில் மோதி விழுந்தது.

ரம்பத்துக்கு எழுதிய புரோகிராமை நகல் எடுத்தவன், அந்த ஒன்றில் மட்டும் நம்பரை மாற்ற மறந்திருக்கிறான். இது பிறகு அவனே சொன்னது. இவர் போய்ப் பிளக்கைப் பிடுங்கினார். தம்பி தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இவர் வந்து அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

"பழைய சுவிட்சையே மாட்டிடு மச்சான்," என்றார். "ஸ்பேனர் வேணும்னா உங்க அக்காகிட்ட கேளு."

தம்பி என் பக்கம் கையை நீட்டினான். பெட்டியிலிருந்து எதை எடுத்துக் கொடுத்தேன் என்று எனக்கே தெரியாது. யாரும் திட்டவில்லை.